ராத்திரியில் நாலு தடவை எழும்பும் அப்பாவும் 6.8 என்ற எண்ணும்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது. மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு 64 வயது. ராத்திரியில் மூன்று நான்கு தடவை ஒண்ணுக்குப் போக எழும்புகிறார். தீபாவளிக்குக் கொழும்புக்கு வந்தவரை மகன் ஒரு லேப்புக்குக் கூட்டிப்போய் 'முழு உடம்புப் பெக்கேஜ்' எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் பீஎஸ்ஏ, அதாவது புரொஸ்டேட் சுரப்பியைப் பற்றிய இரத்தச் சோதனை, 6.8 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. சித்தப்பா ஒருவர் ஏற்கெனவே புரொஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி இறந்தவர். அப்பாவோ "அந்த டெஸ்ட் எல்லாம் பண்ணினா ஆம்பிளத்தனம் போயிரும்" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். மகனுக்கு 38 வயது. தானும் இப்போதே சோதித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. பிரித்து எடுக்காவிட்டால் இரண்டுக்கும் பிழையான பதில்தான் வரும். தொந்தரவு இருக்கும் ஆளுக்குக் காரணம் தேடுவது ஒரு வேலை. எந்தக் குறையும் சொல்லாத ஆளிடம் நோயைத் தேடிப் போவது வேறு வேலை, அதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர். அப்பா முதல் வகை, நீங்கள் இரண்டாம் வகை. ஸ்கிரீனிங் நல்லதா கெட்டதா என்று இணையத்தில் நடக்கும் சண்டைக்கும் உங்கள் அப்பாவுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் டொக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். உங்களுக்கு என் பதில் அநேகமாக எதிர்ப்பக்கம் போகும்.

முதலில் புரொஸ்டேட் சுரப்பி இருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். பள்ளிப் புத்தகத்தில் முன்னிற்கும் சுரப்பி என்று படித்திருப்பீர்கள். சலப்பைக்கு, அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில், இளவயதில் சுமார் 20 கிராம் எடையில் இருக்கும். சிறுநீர்க் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. ஐம்பது தாண்டினால் அநேக ஆண்களுக்குக் குழாயைச் சுற்றியுள்ள உட்பகுதி பருக்கத் தொடங்கும், குழாய் நெரிபடும். போகத் தொடங்கவே நேரமெடுப்பது, நீர் மெலிந்து வருவது, முடிந்த பிறகும் சொட்டுவது, முழுசாகப் போகாத உணர்வு, ராத்திரி எழும்புவது எல்லாம் அதனால் வருபவை. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோய் பத்தில் ஏழு பேருக்கு வெளிப்பகுதியில், மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து குழாயை நெரிக்க அதற்கு வெகுகாலம் எடுக்கும். ஆகவே ராத்திரி எழும்பும் கிழவருக்கு அநேகமாக இருப்பது சாதாரண வீக்கம். "எனக்கு ஒண்ணுக்கு நல்லாத்தானே போகுது" என்று மார்தட்டுபவருக்குப் புற்றுநோய் இல்லை என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. லயத்திலும் சரி, கொழும்பு ஒஃபிஸிலும் சரி, ஆண்கள் இதைத் தலைகீழாகவே விளங்கிவைத்திருக்கிறார்கள்.

"குளிருக்கு அப்படித்தான் போகும்" என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். அது பாதி உண்மை. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சிறுநீரகம் கூடுதலாக நீரைத் தள்ளும். ஆனால் குளிர் எல்லாருக்கும் பொதுவானது. பக்கத்துக் காம்பராவில் அதே வயதுக்காரர் ஒரு தடவைதான் எழும்புகிறார் என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, மூன்று நாள் கணக்கு எழுதுவது. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் வாயை வெட்டி, 100 மில்லிலீற்றருக்கு ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் அளவையும் குறிக்கட்டும். படுத்ததிலிருந்து காலையில் எழுந்து போகும் முதல் சிறுநீர் வரை சேர்த்துக் கூட்டுங்கள். அது 24 மணி நேர மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் புரொஸ்டேட்டை விட வேறு காரணங்களே முன்னே நிற்கும். பொழுதுபட்ட பிறகு குடிக்கும் தேத்தண்ணி, கால் வீக்கத்தில் பகலெல்லாம் தேங்கிய நீர் படுத்ததும் இறங்குவது, இதயம், குறட்டையோடு மூச்சடைப்பு என்று தேட வேண்டும். ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிலீற்றர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சந்தேகம் சலப்பை, புரொஸ்டேட் பக்கம் திரும்பும். பகலும் இரவும் நிறையப் போகிறார், தாகமும் எடுக்கிறது என்றால் முதலில் சீனியைப் பாருங்கள். அந்தப் பெக்கேஜ் ரிப்போட்டிலேயே அது இருக்கும்.

மூன்று விஷயங்களுக்கு இந்தக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அடிவயிறு புடைத்து ஒரு சொட்டும் போக முடியாமல் துடித்தால் அதே ராத்திரி ஆஸ்பத்திரி. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். தோட்டப் பாதை மோசமென்றால் மெயின் ரோட்டில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த அடைப்பைக் கிளப்பிவிடுவது பல தடவை ஒரு சின்ன மாத்திரைதான். தடிமனுக்குக் கடையில் வாங்கிப் போடும் பிரிட்டோன், அதாவது குளோர்பெனிரமின், சலப்பை சுருங்கிச் சிறுநீரைத் தள்ளும் பலத்தைக் குறைத்துவிடும். மூக்கடைப்பு மாத்திரைகளில் வரும் சூடோஎபெட்ரின் சலப்பையின் வாயிலை இறுக்கும். மழைக்காலத்துக் குளிரில் இவற்றைக் கைநிறையப் போடும் பழக்கம் மலையில் உண்டு. புரொஸ்டேட் பருத்தவர் விலகியிருக்க வேண்டும். இரண்டாவது, வலியே இல்லாமல் ராத்திரியில் பாயை நனைப்பது. வெட்கத்தில் வீடு மறைக்கும் விஷயம் இது. சலப்பை நிரம்பி வழிகிறது என்றும், சிறுநீரகம் பின்னழுத்தத்தில் கெட்டுக்கொண்டிருக்கலாம் என்றும் பொருள். மூன்றாவது முதுகு வலி.

முதுகு வலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், உங்கள் சித்தப்பா அந்த வழியில்தான் போயிருக்கிறார். கவாத்து வெட்டி, காண் வெட்டி, கொழுந்து மூட்டை லொறிக்கு ஏற்றியவருக்கு முதுகு வலிப்பது இயல்பு. அதனாலேயே புரொஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போனதும் யாரும் சந்தேகப்படுவதில்லை. தைலம், ஊசி, மறுபடி தைலம் என்று மாதங்கள் ஓடும். வேலையால் வரும் வலி படுத்தால் குறையும், சில வாரத்தில் ஏறி இறங்கும். எலும்புக்குப் போன புற்றுநோயின் வலி படுத்தாலும் விடாது, ராத்திரியில் கூடும், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். அதோடு கால் மரத்தல், படியேறும்போது கால் வழுக்குவது போல பலவீனம், மலத்தை அடக்க முடியாமை சேர்ந்தால் தண்டுவடம் நெரிபடுகிறது. அப்போது கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே சேர்க்க வேண்டும். நடை போன பிறகு சிகிச்சை தொடங்கினால் நடை திரும்புவது அரிது. 60 தாண்டிய ஆணுக்குப் புதிதாக வந்து நிற்காத முதுகு வலிக்கு பீஎஸ்ஏ எடுப்பது நியாயமான காரியம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இனி அந்த 6.8. பீஎஸ்ஏ என்பது புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், மில்லிலீற்றர் இரத்தத்தில் எத்தனை நனோகிராம் என்று அளக்கிறார்கள். அது சுரப்பியின் அடையாளமே தவிரப் புற்றுநோயின் அடையாளம் அல்ல. சுரப்பி பருத்தாலும் ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் பல மடங்கு ஏறும், அடைப்புக்குக் குழாய் போட்டாலும் ஏறும். இரத்தம் எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியிருந்தாலோ நீண்ட சைக்கிள் ஓட்டமோ இருந்தாலும் சிறிது ஏறும். 4 என்ற எல்லை பழகிப்போன ஒரு வேலி, இயற்கை போட்ட கோடு அல்ல. 60களில் இருப்பவருக்கு 4.5 வரை ஏற்றுக்கொள்ளும் அட்டவணைகளும் உண்டு. 4க்கும் 10க்கும் இடையே இருப்பவர்களுக்குத் திசு எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் புற்றுநோய் கிடைக்கும், மூவருக்கு இராது. மறுபக்கமும் சொல்ல வேண்டும், 4க்குக் கீழே இருந்தவர்களுக்கும் திசு எடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்றுநோய் இருந்தது. தடித்த எழுத்தில் வந்தால் மரணம், மெல்லிய எழுத்தில் வந்தால் விடுதலை என்று படிக்கும் ரிப்போட் இது அல்ல. அப்பாவைத் தொட்டுப் பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோயா இல்லையா என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த படி பயோப்சி, அதாவது திசு எடுத்துப் பார்ப்பது, அல்ல. சிறுநீர் முழுப் பரிசோதனையும் தேவையென்றால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் செய்ய வேண்டும். தொற்று இருந்தால் மருந்து முடித்து ஆறு வாரம் கழித்து பீஎஸ்ஏயைத் திரும்ப எடுக்க வேண்டும், இயன்றால் அதே லேப்பில். லேப்புக்கு லேப் கருவி மாறும், எண்ணும் சற்று மாறும். இரண்டாம் தடவை எண் தானாகவே இறங்கிவிடுவது சர்வ சாதாரணம். பருத்த புரொஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைட் அல்லது டியூடாஸ்டரைட் மாத்திரையை அப்பா ஏற்கெனவே குடிக்கிறாரா என்று மருந்து அட்டையைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் குடிப்பவரின் பீஎஸ்ஏ பாதியாகக் குறைந்திருக்கும், வந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு 3 என்று வந்ததைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாவது அடிக்கடி நடக்கும் பிழை. சலப்பையின் வாயிலைத் தளர்த்தும் டாம்சுலோசின் அப்படிச் செய்யாது. ஆனால் எழுந்து நின்றதும் தலை சுற்றலாம். ராத்திரியில் வாசற்படி இறங்கி வெளிக் கக்கூசுக்குப் போகிறவர் என்றால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள், அல்லது ராத்திரிக்கு உள்ளேயே ஒரு பாத்திரம் வையுங்கள்.

ஸ்கேனில் சுரப்பியின் பருமன் தெரிந்ததும் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு உதவும். 6.8ஐப் பருமனால் வகுங்கள். சுரப்பி 60 மில்லிலீற்றர் என்றால் 0.11 வரும், பருத்த சுரப்பி அதற்கேற்பச் சுரக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 30 மில்லிலீற்றர் என்றால் 0.23, சின்னச் சுரப்பி ஏன் இவ்வளவு சுரக்கிறது என்று கேட்க வேண்டும். 0.15ஐ ஒட்டித்தான் சந்தேகத்தின் எல்லையை வைக்கிறார்கள். சந்தேகம் மிஞ்சினால் எம்ஆர்ஐ. அதில் சந்தேகத்தை 1 முதல் 5 வரை புள்ளியிடுவார்கள், 1, 2 என்றால் பலருக்குப் பயோப்சி தேவைப்படாமலே போகும். பயோப்சி என்று வந்தால் பத்துப் பன்னிரண்டு மெல்லிய நூல் போன்ற துண்டுகள் ஊசியால் எடுக்கப்படும். இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் மருந்துகளை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. சில நாள் சிறுநீரில் இரத்தம், சில வாரம் விந்தில் பழுப்பு நிறம் வருவது இயல்பு. 38 பாகைக்கு மேல் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் இயல்பல்ல, அன்றே திரும்ப வேண்டும். மலைப் பாதையில் 'காலையில் பார்ப்போம்' என்று விட்டால் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். 'கத்தி பட்டா பரவிரும்' என்ற பயத்துக்கு இங்கே ஆதாரமில்லை.

ஆண்மை போகும் என்ற பேச்சுக்கு வருகிறேன். அப்பாவைக் கேலி செய்யாதீர்கள், அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. 1941இலேயே சார்ள்ஸ் ஹக்கின்ஸ் ஆண் ஹோர்மோனை நிறுத்தினால் பரவிய புரொஸ்டேட் புற்றுநோய் அடங்கும் என்று காட்டினார், அதற்கு 1966இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த ஹோர்மோனை நிறுத்த மிக மலிவான, நிச்சயமான வழி விதைகளை எடுத்துவிடும் சின்ன சத்திரசிகிச்சை. எலும்புவரை பரவிய நிலையில் வருபவர்களுக்கு அது செய்யப்படும், அவர்களுக்கு இச்சை அற்றுப்போகும், உடல் மாறும். தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் வருவதால், அயலவர் கண்ணில் பட்டதெல்லாம் அதுதான். 'அங்க போனா எடுத்துருவாங்க' என்பது அவர்கள் பார்த்ததிலிருந்து வந்த பேச்சு. அப்பாவிடம் சொல்ல வேண்டியது, பிந்திப் போனவர்களுக்குத்தான் அது நேர்ந்தது என்று. இரத்தம் எடுப்பதாலோ விரல் பரிசோதனையாலோ எதுவும் போகாது. சாதாரண வீக்கத்தைக் குழாய் வழியே செதுக்கி எடுக்கும் சத்திரசிகிச்சையில் விறைப்பு அநேகருக்கு மாறுவதில்லை, விந்து மட்டும் பின்னோக்கிச் சலப்பைக்குள் போய்விடும். புற்றுநோய்ச் சுரப்பியை முழுதாக அகற்றினாலோ கதிர்வீச்சுக் கொடுத்தாலோ விறைப்பும், அகற்றும்போது குறிப்பாகச் சிறுநீரை அடக்குவதும் பாதிக்கப்படலாம். அதை மறைத்து அவரைக் கூட்டிப் போவது சரியல்ல.

விரல் பரிசோதனையை முன்கூட்டியே விவரித்துவிடுங்கள், பாதிப் பயம் தெரியாததால் வருவது. இடப்பக்கம் திரும்பிப் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். கையுறையும் ஜெல்லும் உண்டு, ஒரு விரல், அரை நிமிடம். மூச்சை வெளியே விட்டால் இறுக்கம் குறையும். மூக்கு நுனி போல மெத்தென்று இருந்தால் சாதாரணம், விரல் முட்டி போலக் கல்லாகவோ ஒரு பக்கம் மட்டும் கட்டியாகவோ இருந்தால் சந்தேகம். திரை போடச் சொல்லிக் கேட்கலாம், ஆண் டொக்டர் இருந்தால் அவரைக் கேட்கலாம். இன்னொன்று, மகள் அல்லது மருமகள் மொழிபெயர்ப்பாளராக உள்ளே நிற்பது அவருக்கு விரல் பரிசோதனையை விடப் பெரிய அவமானம். மலையகத்து ஆண் இதைப் பேசுவதென்றால் மச்சானிடம் பேசுவார், மகனிடம்கூடப் பேசமாட்டார். சிங்களம் தெரிந்த ஒரு மச்சானைத் துணைக்கு அனுப்பினால் வேலை சுலபம்.

எங்கே போவது? தோட்ட டிஸ்பென்சரியில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, ஆனால் மாற்றுக் கடிதம் வாங்கலாம். மஸ்கெலியாவிலிருந்து டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை கிட்ட. அங்கிருந்து நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ அனுப்பினாலும் பொதுச் சத்திரசிகிச்சை கிளினிக்கே தொடக்கத்துக்குப் போதும். அதற்கு மேல் தேவையென்றால் கண்டி தேசிய வைத்தியசாலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை, செலவு பஸ்ஸும் நாளும்தான். தோட்டத்தில் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த நாள் பேர் விழாது, அதாவது கூலி கிடைக்காது என்பதுதான் பெரிய தடை, பயத்தையும் வெட்கத்தையும் விட அதுவே பெரிது என்று நான் நினைக்கிறேன். அதனால் ஒரு பயணத்தில் முடியக்கூடியதை ஒரு பயணத்தில் முடியுங்கள். லேப் ரிப்போட்டின் மூலப்பிரதி, எல்லா மருந்து அட்டைகள், மூன்று நாள் கணக்கு, பழைய கிளினிக் கொப்பி எல்லாம் பையில் இருக்கட்டும். ஸ்கேனுக்குச் சலப்பை நிரம்பியிருக்க வேண்டும். காலையில் பஸ் ஏறுமுன் ஒண்ணுக்குப் போய்விட்டு வெறும் சலப்பையோடு போனால் மத்தியானம் வரை உட்கார வேண்டியதுதான், தண்ணீர்ப் போத்தலோடு போங்கள். நெருஞ்சி அவித்துக் குடிக்கிறார் என்றால் அதையும் சொல்லட்டும். அது புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை, கிளினிக்கைத் தள்ளிப்போட ஒரு சாக்காக மட்டும் ஆகக் கூடாது.

இப்போது உங்கள் விஷயம். குறையில்லாத ஆண்களுக்கெல்லாம் பீஎஸ்ஏ எடுக்கும் அரசாங்கத் திட்டம் இலங்கையில் இல்லை, அது அலட்சியத்தால் மட்டும் அல்ல. ஐரோப்பாவில் 55 முதல் 69 வயது வரையான சுமார் 162,000 ஆண்களை 23 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புரொஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 வீதம் குறைந்தது. எண்ணிக்கையாகச் சொன்னால் 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்ந்தது, அதற்காகப் பன்னிரண்டு பேர் கூடுதலாக நோயாளிகள் ஆனார்கள். அவர்களில் பலருக்கு அந்த நோய் கடைசிவரை தொந்தரவே தந்திராது. வேறு காரணத்தால் இறந்த 70 தாண்டிய ஆண்களின் உடலைத் திறந்து பார்த்தால் மூவரில் ஒருவருக்கு மேல் அது மௌனமாக இருந்ததைக் காணலாம். பயன் உண்டு என்பது உறுதி, அது சிறியது என்பதும் உறுதி. அந்த ஆய்வு ஐரோப்பிய ஆண்களிடம் நடந்தது, நம் ஆட்களுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்துமா என்பது சந்தேகத்துக்குரியது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிரித்தானியாவில் 1,643 பேரை 15 ஆண்டு தொடர்ந்ததில், ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் சத்திரசிகிச்சை செய்தாலும், கதிர்வீச்சு எடுத்தாலும், கண்காணிப்பில் மட்டும் இருந்தாலும், அந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவரளவில்தான். 'கண்டுபிடித்தால் வெட்டித்தான் ஆக வேண்டும்' என்ற காலம் போய்விட்டது.

பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் என்று ஒன்று இருக்கிறது, ஆண்களுக்கு அப்படித் தனியாக இல்லை என்று குறைப்படுவோர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தோட்டத்து ஆண்களுக்கு எந்தச் சோதனையை முதலில் செய்வீர்கள் என்று என்னைக் கேட்டால், வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். இலங்கை ஆண்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் அப்பாவின் கன்னத்தின் உட்பக்கத்தையும் அதே பயணத்தில் காட்டிவிடுங்கள்.

38 வயதில் குறையில்லாமல் பீஎஸ்ஏ எடுக்க வேண்டாம். பொதுவாக 50இலிருந்து, அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் 45இலிருந்து, நன்மை தீமையைப் பேசிவிட்டு எடுக்கலாம். முதல் எண் மிகக் குறைவாக இருந்தால் அடுத்ததுக்குப் பல ஆண்டு பொறுக்கலாம், ஆண்டுதோறும் பெக்கேஜ் வாங்கத் தேவையில்லை. 70 தாண்டி, வேறு நோய்களும் உள்ளவருக்குக் குறையில்லாமல் தேடிப் போவதில் லாபத்தை விட நட்டமே அதிகம். நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒரு விசாரிப்பு மட்டும். 'சித்தப்பா' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பியா, சித்தியைக் கட்டியவரா? சித்தியின் புருஷன் என்றால் உங்கள் இருவருக்கும் இரத்த உறவில்லை, இந்தக் கணக்கில் அவர் வரவே மாட்டார். அப்பாவின் சொந்தத் தம்பி என்றால் அப்பாவின் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பு, 6.8ஐ டொக்டர் இன்னும் கவனமாகப் பார்ப்பார். கிளினிக்கில் முதல் வாக்கியமாகவே அதைச் சொல்ல வேண்டும். அவருக்கு எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், அந்தப் பக்கத்து அத்தைமாரில் யாருக்காவது மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்ததா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில குடும்பங்களில் ஒரே மரபணுக் குறை பெண்களுக்கு அங்கும் ஆண்களுக்கு இங்கும் வரும். அப்படி ஏதும் இருந்தால் 50 வரை பொறுக்க வேண்டாம், 40இலேயே இதைப் பற்றி டொக்டரிடம் பேசுங்கள்.